அறுப்பின் பண்டிகை ஏலம்: கிராமத் திருச்சபை டீக்கன்மாருக்கு ஒரு கைவழி

குமரி மாவட்டத்துக் கிராமத் திருச்சபைகளில் கிறிஸ்துமசுக்கு அடுத்தபடியாக ஊரே கூடும் நாள் அறுப்பின் பண்டிகை. சில இடங்களில் ஸ்தோத்திரப் பண்டிகை என்பார்கள். வாழைக்குலையும் தேங்காயும் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) கோழியும் காணிக்கையாக ஆலயத்துக்கு வரும். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம் நடக்கும். ஆண்டின் பெரிய வருமானமும் பல சபைகளுக்கு இதுதான். ஆண்டின் பெரிய மனத்தாங்கல் பிறப்பதும் இதே ஏலத்தில்தான். யாருடைய குலை எவ்வளவுக்குப் போனது, யார் ஏலம் எடுத்துவிட்டுக் காசு கட்டவில்லை, யாருடைய கோழியை ஏலக்காரர் கேலி செய்தார் என்ற பேச்சு அடுத்த பண்டிகை வரை ஓடும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வேதாகமத்தில் உபாகமம் 26-ஆம் அதிகாரத்தில் விளைச்சலின் முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவருகிறவன் அதைத் தேவனுடைய சமுகத்தில் வைத்துப் பணிந்துகொள்கிறான். அதன் பிறகு லேவியனோடும் (ஆலய ஊழியக் குலத்தான்) பரதேசியோடும் (அந்நியன்) சேர்ந்து சந்தோஷப்படுகிறான். ஏலமும் அந்தச் சந்தோஷத்தின் பகுதியாகவே நடக்க வேண்டும். தொகை கூடுவதற்காக ஒரு விதவையின் மனம் நோகுமானால் அந்த ஏலம் தோற்றுவிட்டது. கீழே சொல்லியிருக்கும் ஒழுங்குகள் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே.

நாள் குறிப்பது

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூன், ஜூலையில் ஒரு மழை. அக்டோபர், நவம்பரில் இன்னொரு மழை. இந்த நான்கு மாதங்களிலும் திறந்தவெளி ஏலத்தை நம்பி நாள் குறிக்கக் கூடாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நெல் வயல் சபைகள் கன்னிப்பூ (முதல் போகம்) அறுவடை முடிந்த செப்டம்பரைப் பிடிப்பது நல்லது. கும்பப்பூ (இரண்டாம் போகம்) அறுவடை பிப்ரவரி, மார்ச்சில் வருவதால் பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலத்தோடு மோதும். அந்த நாட்களில் ஏலமும் விருந்தும் பொருந்தாது. லெந்து தொடங்கும் சாம்பல் புதன் 2026-இல் பிப்ரவரி 18. 2027-இல் பிப்ரவரி 10. பண்டிகைக்கு நாள் குறிக்கும் கமிட்டியில் இந்தத் தேதிகள் முன்னால் இருக்க வேண்டும்.

கல்குளம், விளவங்கோடு, திருவட்டார், கிள்ளியூர் பக்கங்களில் நெல் குறைவு. தென்னை, வாழை, ரப்பர், மரச்சீனி, நல்லமிளகு (குறுமிளகு) அதிகம். அங்கே ஜனவரி வசதியான மாதம். மழை விட்டிருக்கும், நல்லமிளகு பறிப்பு நடந்துகொண்டிருக்கும், கிறிஸ்துமசுக்கு வந்த பிள்ளைகள் சிலரும் ஊரில் இருப்பார்கள். ரப்பர் சபைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலை உதிரும் காலத்திலும் கடும் மழையிலும் பால்வெட்டு நிற்கும். பால்வெட்டுக் கூலியை நம்பியிருக்கும் வீடுகளில் அப்போது கையில் காசு இருக்காது. அந்த வாரங்களில் ஏலம் வைத்தால் தோட்டக்காரர்கள் மட்டும் விலை கேட்பார்கள். தொழிலாளர்கள் ஓரமாக நின்று பார்ப்பார்கள். பள்ளிக் கட்டணம் கட்டும் மே கடைசியும் ஜூனும் இதே காரணத்தால் ஆகாது.

ஓணத்துக்கு முந்தின இரண்டு வாரங்களில் ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குலைக்குச் சந்தையில் நல்ல விலை. அப்போது பண்டிகை வைத்தால் விவசாயி தன் ஆண்டு வருமானத்தின் நல்ல குலையைக் காணிக்கையாகத் தரும் கட்டாயத்துக்கு ஆளாவார். மனமுவந்து தந்தால் மகிழ்ச்சி. ஆனாலும் அந்த நெருக்கடிக்குள் அவரைத் தள்ளாமல் ஓணம் கழிந்து ஒரு வாரம் தள்ளி வையுங்கள்.

பக்கத்துச் சபைகளின் தேதியையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு ஏலம் நடந்தால் கேட்க வருகிறவர்கள் பிரிந்துபோவார்கள். மைக் செட்டும் கிடைக்காது.

பிடியரிசி: ஆண்டு முழுக்க நடக்கும் ஆயத்தம்

உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டு வைப்பது நம் சபைப் பெண்களின் பழைய வழக்கம். நிலமில்லாத வீடும் காணிக்கை தர வழி செய்வது இது. ஒரு பிடி என்பது சுமார் 40 முதல் 50 கிராம். தினம் ஒரு பிடி என்றால் மாதத்துக்கு ஒரு வீட்டிலிருந்து 1¼ முதல் 1½ கிலோ வரை. அறுபது வீட்டுச் சபையில் பாதி வீடுகள் தவறாமல் செய்தாலே மாதம் 40 கிலோ சேரும்.

இது நின்றுபோகும் சபைகளில் காரணம் பெரும்பாலும் அரிசியின் தரம். ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் புழுங்கலரிசி, ஒரு வீட்டில் மட்டையரிசி (சிவப்பரிசி), இன்னொரு வீட்டில் ரேஷன் அரிசி. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டினால் ஒன்று குழையும்போது மற்றொன்று வேகாமல் நிற்கும். அந்த அரிசியை யாரும் வாங்க மாட்டார்கள். வாங்கியவர்கள் கோழிக்குப் போடுவார்கள். கொடுத்த பெண்களுக்கு இது தெரிந்தால் அடுத்த மாதம் பிடி எடுக்க மனம் வராது. ஆகவே பெண்கள் ஐக்கிய சங்கம் சேகரிக்கப் போகும்போதே பச்சரிசி, புழுங்கல், மட்டை என்று மூன்று பைகள் கொண்டுபோக வேண்டும். ரேஷன் அரிசி நான்காவது பையில் தனியாக இருக்கட்டும். அதை ஏலத்தில் விடக் கூடாது. ரேஷன் அரிசியை விற்பது சட்டப்படி குற்றம். விருந்துக் கஞ்சிக்குப் பயன்படுத்தலாம்.

மாதம் ஒருமுறை சேகரியுங்கள். மூன்று மாதம் வீட்டில் கிடந்தால் வண்டு விழும். சேகரித்ததை ஒரு நாள் வெயிலில் காயவைத்து, ஆறியபின் வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு இறுக மூடி, தரையிலிருந்து பலகை மேல் தூக்கி வைக்க வேண்டும். ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி (ஆயர் ஆயத்தமாகும்) அறைச் சுவரில் மழைக்காலத்தில் ஈரம் கசியும். சாக்கு சுவரைத் தொடக் கூடாது.

பொருள் பெறுவது

சனிக்கிழமை மாலை 3 மணி முதல் 7 மணி வரை பெறுவது வசதி. ஞாயிறு காலையில் கொண்டுவருகிறவர்களுக்கு ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வரை இடம் கொடுங்கள். ஆராதனை தொடங்கிய பிறகு வருவதை மறுக்க வேண்டாம்; வெளியே தனியாக வைத்து ஏலத்தின் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

வாசலில் ஒரு மேசை, இரண்டு டீக்கன்மார் (சபை நிர்வாகப் பொறுப்பாளர்கள்), ஒரு நோட்டு. பொருள் வந்ததும் அதற்கு ஒரு எண். கெட்டி அட்டையை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ஓட்டை போட்டு, நூல் கோத்து, முந்தின நாளே 1 முதல் 150 வரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தைப் பசை போட்டு ஒட்டினால் வாழைக்குலையின் ஈரத்திலும் சக்கை (பலா) அரக்கின் பிசுபிசுப்பிலும் நிற்காது. குலைக்கு அட்டையைக் காயில் கட்டாமல் காம்பில் கட்ட வேண்டும். காயில் கட்டினால் தூக்கும்போது சீப்போடு கழன்று விழும்; எந்தக் குலை 34, எந்தக் குலை 43 என்று ஏலத்தின் நடுவில் தேட வேண்டிவரும்.

நோட்டில் எண், பொருள், அளவு ஆகிய மூன்று மட்டும் போதும். கொடுத்தவர் பெயரை அட்டையிலும் எழுத வேண்டாம், நோட்டிலும் எழுத வேண்டாம். இது எங்கள் உறுதியான கருத்து. பெயர் வாசிக்கும் சபைகள் உண்டு. வாசித்தால் கொடுப்பது கூடும் என்பார்கள். இரண்டு ஆண்டு கூடும்தான். பிறகு ஒரு சீப்புப் பழம் கொண்டுவரும் ஆள் வெட்கப்பட்டு வராமலே நின்றுவிடுவார். வந்தவருக்கு வாசலிலேயே முகம் பார்த்து நன்றி சொல்லுங்கள். அது போதும்.

பொருளுக்குப் பொருள் கவனிக்க வேண்டியவை

வாழைக்குலையை விளைந்த பருவத்தில், காயின் விளிம்பு உருண்டு வரும்போது வெட்டச் சொல்ல வேண்டும். மட்டி, ரசகதலி போன்ற வாழை வகைகள் வெட்டி நான்கைந்து நாளில் பழுத்துவிடும். பண்டிகைக்கு இரண்டு நாள் முன் வெட்டினால் ஏலத்தன்று செங்காயாக நிற்கும். எடுத்தவர் வீட்டில் வைத்துப் பழுக்கவைப்பார். ஏலத்தன்றே முழுசாகப் பழுத்த குலையைத் தூக்கினால் பழம் உதிரும், விலையும் விழும். நம் மட்டிப் பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மட்டிக் குலை இருந்தால் ஏலத்தில் அதைப் பெயர் சொல்லி, எந்தப் பக்கத்துத் தோட்டத்தில் விளைந்தது என்றும் சொல்லி விடுங்கள். ஊருக்கு விருந்தினராக வந்தவர்கள் ஆசையாகக் கேட்பார்கள்.

மரச்சீனிதான் அதிகம் வீணாகும் பொருள். பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கிழங்குக்குள் நீலக் கறுப்புக் கோடு ஓடிக் கெட்டுவிடும். வியாழக்கிழமை பிடுங்கிச் சனிக்கிழமை கொண்டுவந்தால் ஞாயிறு ஏலத்தில் எடுத்தவர் திங்களன்று குப்பையில் போடுவார். சனிக்கிழமை பிற்பகல் பிடுங்கி, மண்ணைக் கழுவாமல், கிழங்கைத் தண்டிலிருந்து ஒடிக்காமல், மூட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ஒடிந்த இடத்திலிருந்துதான் கேடு தொடங்கும். இரவில் ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள்.

சேனை, காச்சில், சிறுகிழங்கு எல்லாம் தாங்கும். மண் உதறினால் போதும். சக்கை பழுக்கத் தொடங்கியிருந்தால் மணம் ஆலயம் முழுக்க நிறையும், ஈயும் வரும். அதை வராந்தாவில் வைப்பது நல்லது. அரக்கு வடியும் காம்பில் காகிதம் சுற்றுங்கள். தரைவிரிப்பில் அரக்கு விழுந்தால் தேங்காயெண்ணெய் தடவித்தான் எடுக்க முடியும்.

தேங்காயைப் பத்துப் பத்தாகக் கூட்டி ஒரே எண் கொடுங்கள். தனித்தனியாக விட்டால் நேரம் போகும். முட்டையை உமி நிரப்பிய பெட்டியில் வைக்கவும். கருப்பட்டி, நல்லமிளகு போன்றவற்றை எடை போட்டு அட்டையில் எடையையும் எழுத வேண்டும். எடை எழுதாத பொருளுக்குத்தான் பிறகு வாக்குவாதம் வரும்.

கோழி, ஆடு போன்ற உயிருள்ளவற்றை ஞாயிறு காலையில் மட்டும் பெறுங்கள். சனிக்கிழமை இரவு பூனைக்கும் நாய்க்கும் காவல் இருக்க முடியாது. கோழியின் இரண்டு காலையும் துணிக் கிழிசலால் தளர்வாகக் கட்டி, மர நிழலில், ஒரு சிரட்டையில் (தேங்காய் ஓடு) தண்ணீர் வைத்து விடுங்கள். நூல் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் ஏலம் முடிவதற்குள் கால் வீங்கும். தலைகீழாகத் தொங்கவிட்டு ஏலம் கூறக் கூடாது. சிறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆலயத்துக்குள் பொருளை வைக்கும்போது ஆராதனை நடத்துகிறவர் நடக்கும் வழியையும், திருவிருந்து வாங்க மக்கள் வந்து போகும் வழியையும் விட்டுவிட்டு இரு பக்கமும் அடுக்குங்கள். கனமானவை கீழே, குலைகள் மரச் சட்டத்தில் சாய்த்து, நெற்கதிர்க்கட்டு நடுவில். ஒரு பிடி அரிசிப் பொட்டலமும் இரண்டு முட்டையும் முன்வரிசையில், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும். பெரிய குலைகள் எங்கே வைத்தாலும் தெரியும்.

ஏலத்துக்கு முன்னே எடுத்துவைக்க வேண்டியது

லேவியராகமம் 23-இல் அறுப்பைப் பற்றிப் பேசும் இடத்திலேயே வயலின் ஓரத்தை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறது. பல சபைகளில் ஏலம் போகாமல் மிஞ்சியதை நோயாளிகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். இது முறையல்ல. ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கும் முன்பே நல்ல குலையில் இரண்டு, பத்துத் தேங்காய், பிடியரிசியில் ஒரு பங்கு என்று எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். படுக்கையில் இருப்போர், தனியாக இருக்கும் முதியோர், அந்த ஆண்டில் சாவு நடந்த வீடு என்று பட்டியல் எழுதி, வாலிபர் ஐக்கியத்தாரிடம் கொடுத்து அன்று மாலைக்குள் சேர்த்துவிட வேண்டும். பட்டியலில் சபைக்கு வெளியே உள்ள அயல்வீட்டாரும் இருக்கட்டும்.

ஆராதனை

இதைப் பற்றி ஆயருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும். 65-ஆம் சங்கீதம் இந்த நாளுக்கென்றே அமைந்தது. அதை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லட்டும். பவனியாகப் பொருள் கொண்டுவருவதானால் ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் இரண்டு பேர் போதும். எல்லாரும் வரிசையில் வந்தால் அரை மணி நேரம் போய்விடும். ஆராதனை பத்தரைக்குள் முடிந்தால் ஏலத்துக்கு நல்லது. வெயில் ஏறியபின் கீரையும் வெற்றிலையும் வாடும், கோழி தவிக்கும், கூட்டமும் கலையும்.

ஏலம்

முதலில் கணக்குப் பாருங்கள். ஒரு பொருளுக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம் ஆகும். எண்பது எண் என்றால் இரண்டு மணி நேரம். நூற்றைம்பது எண் வந்துவிட்டால் நாலு மணி நேரம் யாரும் நிற்க மாட்டார்கள். கடைசி ஐம்பது பொருள் அடிமாட்டு விலைக்குப் போகும். ஆகவே எண் எண்பதைத் தாண்டினால் சிறியவற்றைக் கூட்டி விடுங்கள்: ஒரு சீப்புப் பழம், இரண்டு தேங்காய், ஒரு கட்டுக் கீரை சேர்ந்து ஒரு எண். ஆனால் தனி ஒருவர் மனமுருகிக் கொண்டுவந்த சிறு பொருள் என்று வாசலில் இருந்த டீக்கனுக்குத் தெரிந்தால் அதைக் கூட்டாமல் தனியாகவே விடச் சொல்ல வேண்டும்.

வேலைக்கு ஆறு பேர் வேண்டும். ஏலம் கூறுகிறவர் ஒருவர். பொருளைத் தூக்கிக் காட்ட இரண்டு வாலிபர்கள். எழுத ஒருவர். காசு வாங்க ஒருவர். எடுத்தவரிடம் பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவரைக் காசு மேசைக்கு அழைத்து வர ஒருவர். இந்த ஆறாவது ஆள் இல்லாத ஏலத்தில்தான் கடன் குவியும். பொருள் கைக்குப் போய், ஆள் பேச்சில் மறந்து, வீட்டுக்குப் போய்விடுவார். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் மூன்று மாதம் கழிந்து கேட்கும்போது இரண்டு பக்கமும் கசப்பு வரும்.

எழுதுகிறவரும் காசு வாங்குகிறவரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டாம். பொருளாளர் ஏலம் கூற வேண்டாம்.

ஏலம் கூறுகிறவரைத் தேர்ந்தெடுக்கும்போது நகைச்சுவைக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். சிரிக்கவைக்கத் தெரிந்தவர் நல்லவர்தான்; ஆனால் சிரிப்பு பொருளின் மேலோ கொடுத்தவர் மேலோ விழக் கூடாது. "இந்தக் கோழிக்குச் சாப்பாடே போடலையோ" என்று ஒரு சொல் போதும். கோழி கொண்டுவந்த பாட்டி அடுத்த ஆண்டு வர மாட்டார். ஒரு முட்டைக்கும் பத்துக் கிலோ ஏத்தன் குலைக்கும் ஒரே குரலில், ஒரே நிதானத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" சொல்ல வேண்டும். இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் இடையில் கூட்டத்தை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்க்கும் நேரம் விடுங்கள். பின்வரிசையில் நிற்கும் பெண்கள் கை தூக்குவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். அவசரமாக மூணு தரம் சொல்லிவிட்டு, "நான் கேட்டேனே" என்று ஒருவர் வந்தால் இருவருக்கும் இடையில் தீர்ப்பு சொல்வது கடினம்.

தொடக்க விலை சந்தை விலையில் பாதி இருக்கட்டும். நூறு ரூபாய்க்குக் கீழே பத்துப் பத்தாகவும், நூறிலிருந்து ஐந்நூறு வரை இருபது அல்லது ஐம்பதாகவும், அதற்கு மேல் நூறாகவும் ஏற்றலாம். இதை ஏலத்தின் தொடக்கத்திலேயே மைக்கில் சொல்லிவிட வேண்டும்.

வரிசை முக்கியம். எல்லாரும் நல்ல குலையை முதலில் விட்டுக் கூட்டத்தைச் சூடேற்ற நினைப்பார்கள். அப்படிச் செய்தால் பெரிய கைகள் முதல் அரை மணி நேரத்தில் வாங்கிவிட்டுக் கிளம்பிவிடும். முதலில் வாடக்கூடிய கீரை, வெற்றிலை, பூ. அடுத்து கோழி, ஆடு. பிறகு தேங்காயும் கிழங்கும், நடுநடுவே ஒரு நல்ல குலை. முதற்பலனாக வந்த நெற்கதிர்க்கட்டு, மட்டிக் குலை, பெரிய சக்கை இவற்றைக் கடைசி இருபது எண்ணில் பரப்பி வையுங்கள். குழந்தைகள் கேட்பதற்கென்று முதல் கால் மணி நேரத்தில் ஐந்தாறு பொருள் ஒதுக்கலாம்: கடலை மிட்டாய்ப் பொட்டலம், இரண்டு கொய்யாப்பழம், ஒரு இளநீர். பத்து ரூபாயோடு வரும் பிள்ளையும் ஒன்றை எடுத்துக்கொண்டு போகட்டும்.

மறு ஏலம் பற்றி. ஏலம் எடுத்தவர் பொருளைத் திரும்பச் சபைக்கே கொடுத்து, மறுபடி விடச் சொல்வதுண்டு. ஒரு முட்டை ஆயிரங்களுக்குப் போவது இப்படித்தான். கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் மூன்றாவது சுற்றுக்குள் அது இரண்டு குடும்பங்களின் கௌரவப் போட்டியாக மாறிவிடும். நாலாவது சுற்றில் கேட்பவர் தன்னால் கட்ட முடியாத தொகையைச் சொல்லியிருப்பார்; வீட்டில் அன்று இரவு அழுகை. ஒரு பொருளுக்கு ஒரே ஒரு மறு ஏலம் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டு, அதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அறிவித்த விதியை ஏலக்காரர் சொல்லி நிறுத்தினால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. விதி இல்லாமல் நடுவில் நிறுத்தினால் அது ஒரு குடும்பத்துக்கு அவமானம்.

வியாபாரிகள் வந்தால் வரவேற்கவும். ஆனால் இரண்டு மூன்று பேர் முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் கேட்பதுண்டு. ஐந்தாறு குலை தொடர்ந்து சந்தை விலையில் பாதிக்கே போனால் அதுதான் நடக்கிறது. குலைகளை நிறுத்திவிட்டு வேறு பொருளுக்குப் போங்கள். ஆலயத்து விருந்துக்கென்று கமிட்டியே ஒரு நியாய விலை சொல்லி எடுத்துக்கொள்ளவும் இடம் வைத்துக்கொள்ளலாம்.

அயலகத்து இந்து, இசுலாமியக் குடும்பத்தார் பல ஊர்களில் ஏலத்துக்கு வருவார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். அழைப்பும் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வந்து விலை ஏற்றுகிறவரை மைக்கில் பேசாதீர்கள். அவர் மதிக்கும் உறவுக்காரர் ஒருவர் தோளில் கைபோட்டு அழைத்துப் போகட்டும். அவர் கேட்ட தொகையை எழுத வேண்டாம். முந்தின ஆள் கேட்ட விலைக்குப் பொருளைக் கொடுத்துவிடுங்கள்.

மைக் செட்டுக்குக் காவல் நிலைய அனுமதி முன்னரே வாங்கிவைப்பது நல்லது. மாலை ஏலம் என்றால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பரீட்சை நாட்களில் பெட்டியை ஆலய வளாகத்துக்குள் திருப்பி வையுங்கள்.

காசு

காசு மேசையில் சில்லறைக்காக 2,000 ரூபாயைப் பத்து, இருபது, ஐம்பதாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அந்த 2,000-ஐ நோட்டின் முதல் வரியில் எழுத வேண்டும். கடைசியில் கழிக்க மறந்தால் கணக்கில் கூடுதல் வரும், அதைத் தேடி ஒரு வாரம் போகும். ஜிபே, போன்பே வழி பெறுவதானால் கியூஆர் அட்டை சபையின் வங்கிக் கணக்குக்கு உரியதாக மட்டும் இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்த எண்ணுக்கு வாங்கிப் பிறகு மாற்றலாம் என்பது எத்தனை நேர்மையான பொருளாளருக்கும் ஆபத்து. பணம் வந்ததா என்பதைக் கட்டியவரின் போனில் பார்த்து முடிவு செய்யாமல் சபைக் கணக்குக்கு வரும் குறுஞ்செய்தியில் பார்க்க வேண்டும்.

ரசீதுப் புத்தகம் கார்பன் தாளோடு இரட்டைப் பிரதி. ஏல நோட்டில் எண், எடுத்தவர் பெயர், தொகை, கட்டியது, பாக்கி என்று ஐந்து கட்டம். எடுத்தவர் பெயரை வீட்டுப் பெயரோடு எழுதுங்கள். ஒரு சபையில் மூன்று கிறிஸ்துதாஸ் இருப்பார்கள். வீட்டுப் பெயர் இல்லாவிட்டால் பாக்கி யாருடையது என்று தெரியாது.

ஏலம் முடிந்ததும் அங்கேயே, கதவை மூடாமல், மூன்று பேர் எண்ணுங்கள். மூவரும் கையெழுத்திட வேண்டும். இரவு யாருடைய வீட்டிலும் வைக்காமல் ஆலயப் பெட்டியில் இரட்டைப் பூட்டுப் போட்டு, சாவியை இருவரிடம் பிரித்துக் கொடுங்கள். திங்கட்கிழமை வங்கியில் முழுத் தொகையையும் கட்டுங்கள். விருந்துச் செலவு, மைக் வாடகை, பந்தல் கூலி எல்லாவற்றையும் வசூலிலிருந்தே கொடுத்துவிட்டு மீதியைக் கட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதனால் கணக்கு என்றைக்கும் ஒத்துவராது. முழு வரவும் வங்கிக்குப் போகட்டும். செலவு தனியாக வவுச்சரோடு வரட்டும்.

நம் சபைகளில் டீக்கன்மார் பொறுப்பு லண்டன் மிஷன் (இங்கே சபைகளை நாட்டிய மிஷனரி சங்கம்) காலத்திலிருந்தே வருகிறது. மயிலாடியில் 1809-இல் ஆலயம் எழுந்த நாளிலிருந்து எளிய மக்களின் கைப்பொருளும் இந்தச் சபைகளைத் தாங்கியிருக்கிறது. அப்படி வந்த பணத்துக்கு அடுத்த ஞாயிறே கணக்கு வாசிப்பது நம் கடமை. மொத்த ஏலத் தொகை, ரொக்கமாக வந்தது, வங்கி வழி வந்தது, பாக்கி, செலவு என்று ஐந்து வரி போதும். அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். கொடுத்தவர், பாக்கிக்காரர் பெயர்கள் எதிலும் வேண்டாம்.

விருந்து

அன்பின் விருந்துக்குச் சோறு என்றால் நூறு பேருக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிலோ அரிசி. மரச்சீனியும் மீன் குழம்பும் என்றால் நூறு பேருக்கு முப்பது கிலோ கிழங்கு, தோல் நீக்குமுன் எடை. மரச்சீனியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வெந்த தண்ணீரை வடித்துவிட வேண்டும். கசப்புக் கிழங்கில் உள்ள நச்சு அந்தத் தண்ணீரோடுதான் போகும். கொண்டுவந்த கிழங்குகள் பல தோட்டத்தவை என்பதால் ஒரு துண்டு கிள்ளிக் கசக்கிறதா என்று பார்த்துத் துப்பிவிட்டுப் பானையில் போடுங்கள். கசந்தால் விருந்துக்கு வேண்டாம். முதியவர்களுக்கு முதல் பந்தி. ஏலத்துக்கு நின்று வேலை செய்த வாலிபர்களுக்குத் தனியாக எடுத்துவைக்காவிட்டால் கடைசியில் அவர்களுக்கு இருக்காது.

பாக்கி வசூல்

ஏலத் தொகையை அன்றே கட்ட இயலாதவர்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை தவணை கொடுக்கலாம். இதையும் ஏலத் தொடக்கத்தில் சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் நிற்கும் பாக்கிக்கு, அந்தக் குடும்பத்தோடு பழக்கமுள்ள ஒரு டீக்கன், மாலை நேரத்தில், தனியாக வீட்டுக்குப் போய் வரட்டும். இரண்டு பேராகப் போனால் வசூலுக்கு வந்தது அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். முதலில் சுகம் விசாரியுங்கள், ஜெபம் பண்ணுங்கள். பெரும்பாலும் அவர்களே எடுத்துத் தருவார்கள், அல்லது எப்போது தர முடியும் என்று சொல்வார்கள். தவணையாகத் தந்தால் நூறு ரூபாய்க்கும் ரசீது போடுங்கள்.

வேலை போயிற்று, ஆஸ்பத்திரிச் செலவு வந்தது என்று தெரிந்தால் அந்தத் தொகையைக் கேட்க வேண்டாம். மூன்று மாதம் கழித்துக் கமிட்டியில், பெயர் சொல்லாமல், ஏல எண்ணையும் தொகையையும் மட்டும் குறிப்பிட்டுத் தள்ளுபடி செய்து மினிட்ஸில் எழுதிவிடுங்கள். அடுத்த பண்டிகைக்கு அழைப்புக் கொடுக்கப் போகும்போது அந்த வீட்டுக்கும் அதே டீக்கனே போகட்டும்.